படம் விழாத இரவுக்கும் கணக்கு உண்டு: தானியங்கி கேமராவை வைத்துக் காட்டுயிர் ஆய்வு செய்வது எப்படி

விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் தானியங்கி கேமராவை மரத்தில் கட்டிவிட்டு வருவது அரைமணி நேர வேலை. அதில் விழுகிற படங்களை ஆய்வுக்கு உதவும் தரவாக ஆக்குவதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. முப்பது நாள் நின்ற கேமராவில் ஒரு கடமான்கூட விழவில்லை என்று வையுங்கள். கடமான் அந்தப் பக்கம் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் கேமராவுக்கு முன்னால் வராமல் இருக்கலாம். வந்தும் சென்சார் உணராமல் போயிருக்கலாம். அல்லது ஒன்பதாம் நாளே பேட்டரி தீர்ந்து, மீதி இருபத்தொரு நாளும் கேமரா சும்மா தொங்கியிருக்கலாம். கார்டைத் திறந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த நான்கையும் பிரித்துச் சொல்லும்படி வேலையை அமைத்துக்கொண்டால்தான் அது ஆய்வு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதலில் கேள்வி

கேமரா வாங்கும் முன், காட்டுக்குள் கால் வைக்கும் முன், கேள்வியை ஒரே வரியில் எழுதி வையுங்கள். "இங்கே என்னென்ன பாலூட்டிகள் இருக்கின்றன?" என்பது ஒரு ஆய்வு. "இந்த விலங்கு எந்த இடங்களில் இருக்கிறது, எவற்றைத் தவிர்க்கிறது?" என்பது வேறொன்று. "100 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை சிறுத்தைகள்?" என்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் கேமரா வைக்கும் இடம், இடைவெளி, நாள் கணக்கு எல்லாமே மாறும். எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற ஒரு அமைப்பு கிடையாது. ஒன்றுக்காக வைத்த கேமராவை இன்னொன்றுக்குப் பயன்படுத்தப் பார்ப்பதால்தான் பல அறிக்கைகள் வலுவிழக்கின்றன.

இனப்பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் உங்கள் அனுபவத்தை முழுக்கப் பயன்படுத்தலாம். ஓடைக்கரை, உப்பு மண் நக்கும் இடம், மலை முகடு, விழுந்து கிடக்கும் மரம், கனி உதிரும் மரத்தடி என்று வகைவகையான இடங்களில் வையுங்கள். எங்கே விலங்கு வரும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அங்கேயே வைப்பதில் இந்த ஒரு ஆய்வில்தான் தவறில்லை.

எத்தனை பங்கு இடங்களில் ஒரு விலங்கு இருக்கிறது என்று கணக்கிடும் ஆய்வில் அந்தச் சுதந்திரம் இல்லை. வரைபடத்தில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளியை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். காட்டில் அந்தப் புள்ளியிலிருந்து, எடுத்துக்காட்டாக, 100 மீட்டருக்குள் கேமரா கட்டத் தோதான இடத்தைத் தேடலாம். அதற்கு அப்பால் போகக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கேமராக்களில் ஒரே விலங்கு விழாதபடி, அந்த இனத்தின் ஒரு விலங்கு வழக்கமாகச் சுற்றிவரும் பரப்பின் குறுக்களவைவிட இடைவெளி கூடுதலாக இருக்க வேண்டும். நடுத்தர அளவுப் பாலூட்டிகளுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் இடைவெளி பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

அடர்த்தி ஆய்வில் இது அப்படியே தலைகீழ். புலியின் வரிகளையோ சிறுத்தையின் புள்ளிகளையோ வைத்துத் தனித்தனி விலங்காக அடையாளம் கண்டு எண்ணும்போது, ஒரே விலங்கு பல கேமராக்களில் விழுந்தாக வேண்டும். ஆகவே ஒரு விலங்கின் சுற்றுப்பரப்புக்குள் பல கேமராக்கள் இருக்கும்படி நெருக்கமாகவும், மொத்தப் பரப்பு அந்தச் சுற்றுப்பரப்பைப் போல் சில மடங்காகவும் அமைக்க வேண்டும். கர்நாடகத்தின் நாகரஹொளெயில் புலி வரிகளை வைத்து எண்ணும் முறையைப் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1995-இல் வெளியிட்டார். அப்போது எண்ணிக்கை கிடைத்தாலும், அது எவ்வளவு பரப்புக்கு உரியது என்பதில் சிக்கல் இருந்தது. 2004-இலிருந்து வளர்ந்த இடஞ்சார் கணக்கு முறைகள், எந்த விலங்கு எந்தக் கேமராவில் விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டு அதைத் தீர்த்தன. இந்த ஆய்வின் போது புதுக்குட்டி, இறப்பு, இடப்பெயர்ச்சி எதுவும் கணக்கைக் குலைக்கக் கூடாது என்பதால், பெரும்பூனைகளுக்கு 45 முதல் 60 நாளில் முடித்துவிடுவது வழக்கம்.

வரியும் புள்ளியும் இல்லாத விலங்குகளின் அடர்த்தியைச் சொல்லவும் முறைகள் உள்ளன. 2008-இல் வெளியான தற்செயல் சந்திப்பு முறை அவற்றில் ஒன்று. அதற்கு விலங்கு நடக்கும் வேகமும், கேமரா உணரும் பரப்பின் அளவும் தெரிய வேண்டும். கேமராவை விலங்கின் பாதையைத் தேடிப் போய் வைக்கக் கூடாது. பாதையில் கட்டிய கேமராவின் தரவை இந்தச் சூத்திரத்தில் போட்டால் எண்ணிக்கை எங்கோ உயரத்தில் போய் நிற்கும்.

எத்தனை கேமரா, எத்தனை நாள்? பல இடங்களின் தரவை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓர் ஆய்வுப் பரப்புக்கு 40 முதல் 60 இடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து வாரம் என்று சொல்கிறது. நல்ல தொடக்கப் புள்ளி அது. அரிய விலங்குக்கு நாளைக் கூட்டுவதைவிட இடங்களைக் கூட்டுவதே பெரும்பாலும் பயன் தரும். கையில் இருபது கேமராதான் என்றால் மூன்று சுற்றாக நகர்த்தி அறுபது இடங்களை முடிக்கலாம். ஆனால் முதல் சுற்றில் மலைச்சரிவு முழுவதையும், கடைசிச் சுற்றில் ஆற்றங்கரை முழுவதையும் முடிக்காதீர்கள். பிறகு தெரிகிற வேறுபாடு இடத்தால் வந்ததா, பருவம் மாறியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா வகை வாழிடத்திலும் கொஞ்சம் இருக்கட்டும்.

சென்சார் எதை உணர்கிறது

கேமராவின் முகத்தில் லென்சுக்குக் கீழே பால்நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். அதன் பின்னால் உள்ள சென்சார் விலங்கைப் பார்ப்பதில்லை, அசைவையும் பார்ப்பதில்லை. தன் முன்னால் உள்ள பரப்புகளிலிருந்து வரும் வெப்பக் கதிரில் ஏற்படும் திடீர் மாற்றத்தைத்தான் உணர்கிறது. ஒரு விலங்கின் மேல்தோல் அல்லது மயிரின் வெப்பம், அது மறைக்கும் பின்புலத்தின் வெப்பத்திலிருந்து மாறுபட்டு, அந்த மாறுபாடு வில்லையின் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகரும்போது ஷட்டர் விழுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். குறுக்கே நடக்கும் விலங்கு எளிதில் சிக்கும், நேராகக் கேமராவை நோக்கி வருவது தாமதமாகவே சிக்கும். வெயிலேறிய நேரத்தில் மண்ணின் வெப்பமும் விலங்கின் மேற்பரப்பு வெப்பமும் சமமாகிவிட்டால் யானையே கடந்து போனாலும் படம் விழாமல் போகலாம். மண் இன்னும் சூடேறி விலங்கைவிட வெப்பமாகிவிட்டால் மறுபடி உணரத் தொடங்கும். சமமாகும் வேளையில்தான் கோட்டை விடுகிறது. நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய நீர்நாயின் நனைந்த மயிர் நீரின் வெப்பத்திலேயே இருப்பதால் அதையும் தவறவிடும். ஊர்வனவற்றுக்கு இந்தக் கேமராவை நம்ப வேண்டாம். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம் விழுவதும் இதே காரணத்தால்தான். மழைக்குப் பாதுகாப்பு என்று சென்சாருக்கு முன்னால் கண்ணாடியோ தடித்த பிளாஸ்டிக்கோ வைக்காதீர்கள். அவை இந்த வெப்பக் கதிரைத் தடுத்துவிடும், கேமரா குருடாகிவிடும்.

ஃபிளாஷ் மூன்று வகை. வெள்ளை ஃபிளாஷ் இரவிலும் வண்ணத்தில், அசைவு மங்காமல் படம் தரும். வரியையும் புள்ளியையும் ஒப்பிட வேண்டிய ஆய்வுக்கு அதுவே நல்லது. ஆனால் விலங்கும் மனிதரும் கவனித்துவிடுவார்கள். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபிளாஷ் எரியும்போது மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு, படமும் மங்கல். ஆய்வு முழுவதற்கும் ஒரே மாடலைப் பயன்படுத்துங்கள். முதல் ஆண்டு ஒரு மாடல், மறு ஆண்டு வேறு மாடல் என்றால் அளவுகோலையே மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். விலங்கு கூடியதா, சென்சார் கூர்மையானதா என்று பிரிக்க முடியாது. மாடலை மாற்றியே தீர வேண்டுமென்றால் சில இடங்களில் பழையதையும் புதியதையும் ஒரே மரத்தில் அருகருகே கட்டி ஓட்டிப் பாருங்கள்.

கிளம்பும் முன் மேசையில் முடிக்க வேண்டியவை

ஒவ்வொரு கேமராவுக்கும் அழியாத எண் எழுதுங்கள். ஒவ்வொரு மெமரி கார்டுக்கும் தனி எண். கார்டை எந்தக் கேமராவில் போடப் போகிறீர்களோ அதிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், கணினியில் செய்யாதீர்கள். பல கேமராக்கள் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. சில, ஏற்பதுபோல் காட்டிவிட்டுக் காட்டில் நின்றுவிடும்.

பேட்டரியில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். லித்தியம் ஏஏ பேட்டரி குளிரிலும் சரியாக ஓடும், கடைசிவரை மின்னழுத்தம் குறையாது. ஆல்கலைன் மெல்ல மெல்லக் குறையும். பகல் படம் வந்துகொண்டே இருக்கும்போது இரவுப் படம் மட்டும் இருண்டு நின்றுபோவது ஆல்கலைன் சோர்ந்ததன் அறிகுறி. அப்படிப்பட்ட கேமராவின் தரவு, விலங்குகள் எல்லாம் பகலில்தான் நடமாடுகின்றன என்று பொய் சொல்லும். ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான் தரும். உங்கள் கேமரா அந்த மின்னழுத்தத்தில் ஃபிளாஷ் அடிக்கிறதா என்று வீட்டில் இருட்டறையில் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். பழையதும் புதியதும், ஒரு வகையும் இன்னொரு வகையும் ஒரே கேமராவில் கலக்கவே கூடாது.

அமைப்புகள்: மூன்று படம் தொடர்ச்சியாக, இடைவெளி இல்லாமல் அல்லது கேமரா அனுமதிக்கும் மிகக் குறைந்த இடைவெளியில். சென்சார் உணர்திறன் உயர்வு. வெயில் கொளுத்தும் புல்வெளியில் மட்டும் நடுத்தரம். கடிகாரம் 24 மணி முறையில். நாள் முதலிலா மாதம் முதலிலா என்பதை எல்லாக் கேமராவிலும் ஒன்றாக வையுங்கள், இல்லையெனில் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். கோடைக்கு நேரத்தை மாற்றும் நாடாக இருந்தாலும் கேமராவின் நேரத்தை ஆய்வு முடியும்வரை தொடாதீர்கள்.

இன்னொன்றைத் தவறாமல் செய்யுங்கள்: தினமும் நண்பகல் 12 மணிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி டைம்லாப்ஸ் அமையுங்கள். அந்தப் படத்தில் வெறும் புதர்தான் இருக்கும். ஆனால் அன்று கேமரா உயிரோடு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இந்த வசதி இல்லாத கேமராவில், கடைசி விலங்குப் படத்துக்கும் நீங்கள் திரும்பிப் போன நாளுக்கும் இடையே கேமரா ஓடியதா இல்லையா என்று ஊகிக்கத்தான் முடியும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாக் கேமராக்களையும் வரிசையாக வைத்து, போனில் ஜிபிஎஸ் நேரத்தைக் காட்டி ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடிகாரப் பிழை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் மண்துகள் ஒட்டியிருந்தால் துடையுங்கள். நீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த ஒரு துகளால்தான்.

அனுமதி பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வனப் பொறுப்பில் உள்ள அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகவே அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். அந்தக் காட்டைப் பயன்படுத்தும் ஊர்மக்களிடம் கேமரா எதற்கு, எங்கே, எவ்வளவு நாள் என்று நேரில் சொல்லுங்கள். கேமரா மேல் ஆய்வின் பெயரும் தொடர்பு எண்ணும் ஒட்டுங்கள். மனிதர் விழும் படங்களை என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆய்வுக்குத் தேவையில்லாததை அழிப்பது, யாரிடமும் காட்டாமல் இருப்பது என்ற உறுதி இல்லாமல் கேமரா கட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

மரத்தில் கட்டுவது

மரம் தொடை அளவுக்காவது தடித்திருக்க வேண்டும். கொடிபோல் மெல்லிய மரம் காற்றில் ஆடினால் கேமராவும் ஆடும், படமெல்லாம் புதராக விழும். விலங்கு நடக்கும் பாதையிலிருந்து 2 முதல் 4 மீட்டர் தள்ளியிருக்கும் மரமாகப் பாருங்கள். இதைவிட நெருங்கினால் பெரிய விலங்கின் வயிறு மட்டும்தான் படத்தில் இருக்கும், இரவில் ஃபிளாஷ் வெளுத்துவிடும்.

உயரம் தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. முழங்காலுக்குக் கீழே என்று நினைவில் வையுங்கள். மனிதரின் கை போகிற உயரத்தில், மார்பளவில் கட்டிவிட்டுக் கீழ்நோக்கிச் சாய்ப்பது பரவலான தவறு. அப்போது சென்சார் உணரும் பரப்பு சுருங்கி, கீரி, முயல், புனுகுப்பூனை எல்லாம் எளிதில் தப்பிவிடும். தரை சரிவாக இருந்தால் கேமராவும் அதே சரிவில் இருக்க வேண்டும். மரத்துக்கும் கேமராவுக்கும் இடையே குச்சியைச் செருகிக் கோணத்தைச் சரிசெய்யலாம். செருகிய குச்சி நழுவாதபடி வாரை இறுக்குங்கள்.

கேமராவின் முகம் கிழக்கிலோ மேற்கிலோ இருக்க வேண்டாம். காலையும் மாலையும் சூரியன் நேரே விழுந்து படம் கெடும், சென்சாரும் தடுமாறும். பூமியின் வடபாதியில் வடக்கு நோக்கியும் தென்பாதியில் தெற்கு நோக்கியும் வைப்பது பாதுகாப்பு. எதிரே பாறை முகம் இருந்தால் தவிருங்கள், அது பகலெல்லாம் சூடேறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கோணம் என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். உடல் வரிகளை ஒப்பிட வேண்டுமென்றால் பாதைக்கு நேர் செங்குத்தாக, முழு விலாவும் தெரியும்படி. இனம் எது என்று தெரிந்தால் போதும் என்றால் பாதைக்கு 45 பாகை சாய்வாக. அப்போது விலங்கு சட்டத்துக்குள் அதிக நேரம் இருக்கும், ஷட்டர் கொஞ்சம் தாமதமானாலும் வால் மட்டும் விழுகிற படம் குறையும்.

தனி விலங்கு அடையாளத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேமரா வேண்டும், பாதையின் இரு பக்கமும் ஒன்று. புலியின் இடது விலாவும் வலது விலாவும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு கேமரா மட்டும் வைத்தால், இடது பக்கம் விழுந்த ஒரு புலியும் வலது பக்கம் விழுந்த ஒரு புலியும் ஒரே புலியா என்று தெரியாது. இரு கேமராக்களும் நேருக்கு நேர் இருந்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கும். ஆகவே ஒன்றை ஓரிரு அடி முன்பின்னாகத் தள்ளி, பார்க்கும் கோடுகள் மோதாமல் கட்டுங்கள்.

முன்னால் உள்ள புல்லையும் ஆடும் இலைகளையும் சென்சார் உணரும் விசிறி வடிவப் பரப்புக்குள் மட்டும் கையால் அகற்றுங்கள். நுனியைக் கிள்ளினால் ஒரு மழைக்கு மறுபடி தழைக்கும், வேரோடு எடுங்கள். அதற்காக இடத்தையே மொட்டையாக்கிவிடக் கூடாது. வெட்டிய வெளியைத் தவிர்க்கும் விலங்குகள் உண்டு, விரும்பி வரும் விலங்குகளும் உண்டு. இரண்டுமே தரவைக் கெடுக்கும். வாசனைப் பொருளோ இரையோ வைப்பதாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வைக்க வேண்டும். சில இடத்தில் வைத்து, சில இடத்தில் வைக்காமல் விட்டால் எதையும் ஒப்பிட முடியாது. கூடு, குகை, குட்டி இருக்கும் இடங்களின் முன் கேமரா வேண்டாம்.

கட்டி முடித்ததும் சோதனை முறையில் வைத்து, கேமராவுக்கு முன்னால் நான்கு காலில் தவழ்ந்து போங்கள். நின்று நடந்து பார்ப்பது பயனற்றது, உங்கள் உயரத்தில் எந்த முயலும் இல்லை. பாதையின் இரு ஓரத்திலும் தவழ்ந்து, எங்கே கேமராவின் சோதனை விளக்கு எரியத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு 2.5, 5, 7.5, 10 மீட்டர் தூரங்களில் ஒரு குச்சியைப் பிடித்து ஒவ்வொன்றிலும் படம் விழச் செய்யுங்கள். குச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். படத்தில் பதிந்த அந்தத் தூரங்களை வைத்து, இந்தக் கேமராவால் எவ்வளவு தூரம்வரை முயலைக் காண முடிகிறது, எவ்வளவு தூரம்வரை மானை என்று பின்னால் கணக்கிட முடியும். அடர்ந்த புதரையும் திறந்த காட்டையும் ஒப்பிடும் ஆய்வில் இதைச் செய்யாமல் விடவே கூடாது.

கடைசியாக சிலேட்டு. இடத்தின் எண், கேமரா எண், கார்டு எண், தேதி, போனில் உள்ள சரியான நேரம் ஆகிய ஐந்தையும் எழுதி, மூன்று மீட்டர் தள்ளிப் பிடித்துப் படம் எடுங்கள். வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதினால் இருட்டுக் காட்டில் ஏமாற்றிவிடும்: ஃபிளாஷில் பலகை வெளுத்துப் போகும், சில மைகள் அகச்சிவப்பு வெளிச்சத்தில் அடியோடு மறைந்துவிடும், வெற்றுப் பலகைதான் படத்தில் இருக்கும். கரும்பலகையும் சாக்பீசும் எந்த வெளிச்சத்திலும் தெரியும். பிறகு கேமராவை இயக்க நிலைக்கு மாற்றி, மூடி, பூட்டுங்கள். சோதனை நிலையிலேயே விட்டுவிட்டுத் திரும்புவது அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது. மூடும்போது "ஆன்" என்று வாய்விட்டுச் சொல்லி, கூட வந்தவர் தாளில் குறி போடுவது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் போய்ப் பார்ப்பது

பிழைகளில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே நடக்கின்றன. ஆகவே ஐந்தாறு நாளில் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். அடிக்கடி போனால் உங்கள் வாசனையும் நடமாட்டமும் தரவில் கலக்கும். பெரிய விலங்குகள் உள்ள காட்டில் தனியாகப் போக வேண்டாம், அந்திக்குள் திரும்பிவிடுங்கள்.

போனதும் கேமராவைத் தொடும் முன், அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். யானை துதிக்கையால் திருப்பியிருக்கலாம், கரடி கடித்திருக்கலாம், குரங்கு வாரை இழுத்திருக்கலாம். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் ஓடாத நாட்களாகவே கணக்கில் சேர வேண்டும். யானைக் காட்டில் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மரத்தோடு சேர்த்துப் பூட்டுவது சேதத்தைக் குறைக்கும். அடுத்து, சிலேட்டுப் படம் மறுபடியும். அதில் போன் நேரமும் படத்தில் பதியும் கேமரா நேரமும் ஒன்றாகத் தெரியும், கடிகாரம் எவ்வளவு விலகியது என்பது அங்கேயே பதிவாகிவிடும். பேட்டரி அளவு, விழுந்த படங்களின் எண்ணிக்கை, வளர்ந்த புல், பெட்டிக்குள் எறும்பு அல்லது ஈரம் எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். லென்சுக்கு முன்னால் சிலந்தி வலை பின்னியிருந்தால் இரவுப் படமெல்லாம் வெண்புகையாக இருக்கும், விரல் நுனியால் எடுத்துவிடுங்கள்.

கார்டிலேயே பார்த்து அழிக்கும் வேலை வேண்டாம். கார்டை மாற்றி, எடுத்த கார்டை எண் எழுதிய உறையில் போட்டு வாருங்கள்.

கார்டிலிருந்து அட்டவணைக்கு

அன்றிரவே இரண்டு இடத்தில் நகல். கோப்புறை அமைப்பு எளிமையாக இருக்கட்டும்: இடம், அதற்குள் கேமரா எண், அதற்குள் எடுத்த தேதி. மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் பெயர் மாற்றுங்கள். எல்லாக் கேமராவும் ஒரே மாதிரியான கோப்புப் பெயர்களைத்தான் தரும், பெயர் மாற்றாமல் ஒன்றாகக் கொட்டினால் ஒன்றன்மேல் ஒன்று எழுதி அழிந்துவிடும்.

பிறகு கடிகாரம். சிலேட்டில் 14:20, படத்தில் 02:20 என்றால் யாரோ முற்பகல் பிற்பகலை மாற்றி அமைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம். சிலேட்டு இல்லாவிட்டாலும், நள்ளிரவு 2 மணி என்று பதிந்த படம் வண்ணத்தில் வெயிலோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி கழன்று மாட்டியதால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்ட கேமராவையும் சிலேட்டு ஒன்றை வைத்தே மீட்க முடியும். திருத்தத்தை எக்ஸிஃப்டூல் போன்ற கருவியால் மொத்தமாகச் செய்து, எவ்வளவு மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

வெற்றுப் படங்களைப் பிரிக்க மெகாடிடெக்டர் என்ற திறந்த மூலச் செயற்கை நுண்ணறிவு மாதிரி பெரிய உதவி. விலங்கு, மனிதர், வாகனம் என்ற மூன்றை மட்டும் அது கண்டுபிடிக்கும், இனம் சொல்லாது. விலங்கு என்று ஏற்க அதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்ற நம்பிக்கை அளவை மிக உயர்த்தி வைத்தால் தூரத்தில் நிற்கும் மானும் இலைக்குள் இருக்கும் கீரியும் "வெற்று" பக்கம் போய்விடும். வெற்று என்று ஒதுக்கியதிலிருந்து தற்செயலாக ஓர் ஐந்நூறு படங்களை எடுத்துக் கண்ணால் பாருங்கள். எத்தனை தவறவிட்டது என்ற எண்ணையும் அறிக்கையில் சேருங்கள். இனத்தை அடையாளம் காண்பதைப் பார்த்துப் பழகியவர்தான் செய்ய வேண்டும், சந்தேகமானதை "தெரியவில்லை" என்றே குறிக்க வேண்டும். வரி ஒப்பிடும் வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து பிறகு சேர்ந்து பாருங்கள். ஒரே புலியை இரண்டாகப் பிரித்துவிட்டால் காட்டில் இல்லாத புலி ஒன்று கணக்கில் பிறந்துவிடும்.

இப்போது ஓட்ட அட்டவணை. கிடைவரிசையில் இடங்கள், நெடுவரிசையில் தேதிகள். கேமரா ஓடிய நாளில் 1, ஓடாத நாளில் வெற்றிடம். நண்பகல் டைம்லாப்ஸ் படங்களிலிருந்து இதை நேராக நிரப்பலாம். 40 கேமரா, 30 இரவு என்றால் 1200 கேமரா-இரவு என்று எழுதிவிடத் தோன்றும். ஐந்து கேமரா பன்னிரண்டு நாள் செத்துக் கிடந்திருந்தால் 60 போய் 1140தான் உண்மை. அதுவும் அந்த ஐந்தும் ஆற்றங்கரையில் இருந்தவை என்றால், ஆற்றங்கரையில் விலங்கு குறைவு என்ற பொய்யை அட்டவணை இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது. இவற்றையெல்லாம் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் கேம்ட்ராப்ஆர் தொகுப்பு செய்து தரும், ஆனால் உள்ளே போடும் தேதிகளை நீங்கள்தான் தர வேண்டும்.

எண்ணைச் சொல்லும்போது

ஒரே விலங்கு கேமரா முன் பத்து நிமிடம் மேய்ந்தால் நூறு படம் விழும். அதனால் ஒரே இடத்தில் ஒரே இனத்தின் படங்களுக்கிடையே 30 நிமிட இடைவெளி இருந்தால்தான் தனி நிகழ்வு என்று எடுத்துக்கொள்வது பழக்கம். 100 கேமரா-இரவுக்கு எத்தனை நிகழ்வு என்று வகுத்துச் சொல்வார்கள். அந்த எண்ணை விலங்கின் எண்ணிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். மான் 12, கீரி 3 என்று வந்தால் மான் நான்கு மடங்கு என்று பொருள் இல்லை. மான் பெரியது, பாதையில் நடப்பது, தூரத்திலேயே சென்சாரில் சிக்குவது. கீரி சிறியது, புதருக்குள் ஓடுவது. இனங்களுக்கிடையே இதை ஒப்பிடவே கூடாது. ஒரே இனத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் கேமரா மாடல், உயரம், இடம், பருவம் எதுவும் மாறாதிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன கடமானுக்கு வருவோம். இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து நாள் கொண்ட ஒரு தவணையில் அது விழ 0.2 வாய்ப்புதான் என்றால், விழாமல் போக 0.8. முப்பது நாளில் ஆறு தவணை. ஆறிலும் விழாமல் போக 0.8-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.26 வருகிறது. கடமான் இருக்கும் இடங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் "இல்லை" என்று எழுதிவிடுவோம். பதினான்கு தவணை, அதாவது எழுபது நாள் ஓடினால்தான் இது 0.04-க்கு இறங்குகிறது. 2002-இல் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணித மாதிரி, இந்தக் காணாமல் விடும் வாய்ப்பைத் தரவிலிருந்தே கணித்து, உண்மையில் எத்தனை பங்கு இடங்களில் விலங்கு இருக்கும் என்று திருத்திச் சொல்கிறது. அதற்குத் தேவையானது தவணைவாரியாக 1, 0, வெற்றிடம் என்ற மூன்று குறிகள்தான். ஓடியும் விழாதது 0. ஓடாதது வெற்றிடம். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் எந்த மாதிரியாலும் மீட்க முடியாது.

தரவைப் பகிரும்போது கேம்ட்ராப் டிபி என்ற பொது வடிவத்தில் வையுங்கள். கேமரா வைத்த விவரம், கோப்புகள், கண்டவை என்று மூன்று அட்டவணை. வேட்டைக்கு உள்ளாகும் இனங்களின் ஆயத்தொலைவுகளைப் பல கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கித்தான் வெளியிட வேண்டும். அட்டவணையில் மங்கலாக்கிவிட்டு, படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை மறந்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. காட்டில் போனில் எடுத்த படங்களிலும் அது இருக்கும். அனுப்பும் முன் அவற்றிலிருந்தும் நீக்குங்கள்.